560 வருஷமா ரீரைட் பண்ணாத வீடு

(இது எபிசோடின் எடுத்தெழுதப்பட்ட வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களும் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வீட்டைப் பத்தி. ஆனா அதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லணும். அதைச் சொல்லாம அந்த வீட்டைப் பத்திப் பேசினா, நான் ஏன் இதுல இவ்வளவு ஆழமா இறங்கினேன்னு உங்களுக்குப் புரியாது.

கொஞ்ச நாள் முன்னாடி மூணு மாச ஆன்சைட் வேலைக்காக பர்மிங்ஹாம் போயிருந்தேன். எட்டு வருஷப் பழைய கோட் ஒண்ணு என் கைக்கு வந்துச்சு. எழுதினவங்க யாரும் இப்போ கம்பெனியில இல்ல. நடுவுல ஒரு ஃபங்ஷன்ல, எந்தக் காரணமும் எழுதாம, ரெண்டு செகண்ட் சும்மா காத்திருக்கிற மாதிரி ஒரு வரி. பார்த்த உடனே எரிச்சல். 'க்ளீனப்'னு எழுதித் தூக்கிட்டேன். ரிவ்யூ பண்ணவரும் சரின்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஆர்டர்கள் வரிசையா ஃபெயில் ஆக ஆரம்பிச்சுது. வெளியில இருக்கிற இன்னொரு சிஸ்டம் தன்னோட பதிவை எழுதி முடிக்க அந்த ரெண்டு செகண்ட் தேவைப்பட்டிருக்கு. எல்லாத்தையும் பழையபடி மாத்தி முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. லீட் திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "அது எதுக்கு அங்க இருந்துச்சுன்னு பார்த்தியா?"

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை ரூம்ல இருக்கப் பிடிக்காம ரயில் ஏறி ஸ்ட்ராட்ஃபோர்ட் அப்பான் ஏவன் போனேன். ஷேக்ஸ்பியர் ஊர். அங்கிருந்து ஒரு மைல் நடந்தா ஷாட்டரின்னு ஒரு இடம். அங்கதான் இந்த வீடு.

பேரு குடிசை, ஆனா பண்ணை வீடு

'ஆன் ஹாத்தவே காட்டேஜ்'னு கூகுள் பண்ணிப் பாருங்க. பிஸ்கெட் டப்பா மேல படம் போடுற மாதிரி இருக்கும். வைக்கோல் கூரை, கறுப்பு மரச்சட்டம், நடுவுல வெள்ளைச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், முன்னாடி பூந்தோட்டம். ஷேக்ஸ்பியரோட மனைவி ஆன் வளர்ந்த வீடு. அவங்க கல்யாணம் 1582-ல. அவருக்கு 18 வயசு, அவங்களுக்கு 26. மாமனார் ரிச்சர்ட் ஹாத்தவே அதுக்கு முந்தின வருஷமே இறந்துட்டாரு.

காட்டேஜ்னு சொன்னாலும் இது குடிசை இல்ல. பன்னிரண்டு அறை இருக்கிற பண்ணை வீடு. சேர்ந்தாப்புல 90 ஏக்கருக்கு மேல நிலம் இருந்துச்சு. ஆட்டுப் பண்ணை. அந்தக் காலத்துல இதுக்குப் பேரே நியூலேண்ட்ஸ் ஃபார்ம்தான். கூரை வேய்ஞ்ச வீடுன்னா வசதி இல்லாதவங்க வீடுன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்குல்ல, அதை இங்க கொஞ்சம் ஓரமா வெச்சுடுங்க.

வீட்டோட பழைய பகுதி 1463-ல கட்டினது. அப்போ மூணே அறை. மீதி எல்லாம் அப்புறம் வந்தது. ஹாத்தவே குடும்பம் முதல்ல இங்க வாடகைக்குத்தான் இருந்தாங்க. ஆனோட சகோதரர் பார்தாலமியூ 1610-ல சொந்தமா வாங்கினாரு. 1846-ல பணக் கஷ்டத்துல வித்துட்டு, வித்த வீட்டுலயே மறுபடி வாடகைக்கு இருந்தாங்க. 1892-ல ஷேக்ஸ்பியர் பர்த்பிளேஸ் டிரஸ்ட் வாங்கிப் பாதுகாக்க ஆரம்பிச்சுது.

இத்தனை கை மாறியும் ஒருத்தர்கூட இதை மொத்தமா இடிச்சுட்டு முதல்ல இருந்து கட்டல. இது எப்படி முடிஞ்சுது? அதுக்கு வீட்டை எலும்புல இருந்து பார்க்கணும்.

தாங்குறது மரம், சுவர் இல்ல

நம்ம அபார்ட்மெண்ட்ல தூணும் பீமும் வெயிட்டைத் தாங்கும், நடுவுல இருக்கிற செங்கல் சும்மா அடைப்புக்கு. இங்கயும் அதே ஐடியாதான். கான்க்ரீட்டுக்குப் பதிலா ஓக் மரம்.

பழைய பகுதியில இருக்கிற முக்கியமான அமைப்புக்குப் பேரு 'க்ரக்'. இயற்கையாவே வளைஞ்ச ஒரு மரத்தைத் தேடிப் பிடிச்சு, நீளவாக்குல ரெண்டாப் பிளப்பாங்க. ஒரே மரத்தோட ரெண்டு பாதிங்கிறதால வளைவு அப்படியே ஒத்துப்போகும். ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தி உச்சியில சேர்த்தா, ரெண்டு உள்ளங்கையையும் கூப்பின மாதிரி ஒரு வடிவம். சுவரும் அதுதான், கூரையைத் தாங்குற சட்டமும் அதுதான். பாரம் நேரா கீழ போயிடும். ஷாட்டரி வீட்டு மாடியில இந்த வளைஞ்ச மரம் அறைக்குள்ளயே தெரியும்.

மரத்தைக் காய வைக்காம பச்சையாவே வேலை செய்வாங்க. பச்சை ஓக் வெட்டச் சுலபம். காய்ஞ்சுட்டா இரும்பு மாதிரி ஆயிடும். ஒரு மரத்துல துளை, இன்னொண்ணுல நாக்கு, ரெண்டையும் சேர்த்து மர ஆணி அடிப்பாங்க. காயக் காயச் சட்டம் முறுக்கிக்கும், ஆனா இணைப்பு இறுகும். பழைய வீடெல்லாம் கொஞ்சம் கோணலா நிக்கிறதுக்கு இது ஒரு காரணம். எனக்குப் ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இந்த மாதிரி வீடுகளைத் தச்சர்கள் முதல்ல தரையில படுக்கப் போட்டுப் பொருத்திப் பார்த்து, எந்த நாக்கு எந்தத் துளைக்குன்னு ரோமன் எண் மாதிரி கீறி அடையாளம் போடுவாங்க. அப்புறம் பிரிச்சு எடுத்துட்டுப் போய் நிறுத்துவாங்க. ஐகியா மேனுவல் மரத்துலயே எழுதியிருக்கு!

சட்டத்துக்கு நடுவுல இருக்கிற கட்டம் வெறும் அடைப்பு. ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் மிலாறை ஊடும் பாவுமா பின்னிப் படல் மாதிரி செய்வாங்க. அதுமேல களிமண், சாணி, வைக்கோல் கலந்து ரெண்டு பக்கமும் அப்பி, சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க. ஒரு கட்டம் கெட்டுப்போனா அதை மட்டும் பிடுங்கிட்டு வேற வெக்கலாம். வீடு அசையாது. சில இடத்துல மண்ணை எடுத்துட்டுப் பின்னாடி செங்கல் வெச்சிருக்காங்க. அப்பவும் சட்டம் அதேதான்.

இந்த மண் சுவருக்கும் மரத்துக்கும் ஒரே எதிரி ஈரம். அதனால கீழ கல்லுல ஒரு அடித்தளம், மேல அகலமாக் கவிஞ்ச கூரை. காலுக்குச் செருப்பு, தலைக்குக் குடை. இது ரெண்டும் சரியா இருந்தா நடுவுல மண்ணே ஆனாலும் நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும்.

வைக்கோலுக்குள்ள ஏன் தண்ணி இறங்கல?

வைக்கோல் தண்ணியைத் தடுக்காது, நனையும். அப்புறம் எப்படி வீடு ஒழுகல?

ரகசியம் சரிவு. இந்த மாதிரி கூரை குறைஞ்சது 45 டிகிரி, பெரும்பாலும் 50-க்குப் பக்கத்துல இருக்கும். மழைத்துளி ஒரு தாளோட நுனியில விழுந்து, அங்கிருந்து அதுக்குக் கீழ இருக்கிற தாளோட நுனிக்குச் சொட்டும். அப்படியே நுனிக்கு நுனி தாவிக் கீழ போயிடும். உள்ள இறங்குறதுக்கு முன்னாடி வெளிய போயிடுது. எவ்வளவு மழை பெஞ்சாலும் மேல இருக்கிற கொஞ்சம் கனம்தான் நனையும். ஒரு அடிக்கு மேல தடிமன் இருக்கிற கூரையோட உள்பக்கம் காய்ஞ்சே இருக்கும். சரிவைக் குறைச்சா இதே வைக்கோல் ஸ்பாஞ்ச் மாதிரி ஊறி அழுகிடும். பொருள் ஒண்ணுதான், கோணம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

கூரை விளிம்புல தண்ணிக் குழாயே கிடையாது. விளிம்பு சுவரைத் தாண்டி நல்லா வெளிய நீட்டிட்டு இருக்கும். தண்ணி சுவர்ல படாம தள்ளி விழும். மாடி ஜன்னல் வர்ற இடத்துல கூரை புருவம் மாதிரி வளைஞ்சு மேல ஏறும். பார்க்க அழகு, ஆனா அது அழகுக்காக மட்டும் இல்ல. வைக்கோலுக்குக் கூர்மையான மூலை ஒத்துக்காது, வளைவுதான் ஒத்துக்கும்.

இன்னொரு லாபம், தாளுக்குள்ளயும் தாளுக்கு நடுவுலயும் சிக்கியிருக்கிற காத்து. கோடையில குளுமை, குளிர்காலத்துல கதகதப்பு.

புகை எங்க போச்சு?

இப்போ 1463-க்குப் போவோம். அப்போ இந்த வீட்டுல மாடி இல்ல, புகைபோக்கியும் இல்ல. நடுவுல ஒரு கூடம், தரையில இருந்து கூரை உச்சி வரைக்கும் வெறுமை. தரை நடுவுல நெருப்பு. புகை மேல எழும்பி, வைக்கோல் வழியாவே கசிஞ்சு வெளிய போகும். கண்ணெல்லாம் எரிஞ்சிருக்கும்தான். ஆனா அந்தப் புகை கூரைக்குள்ள பூச்சி அண்டாம பார்த்துக்கிச்சு.

16-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துப் பண்ணை வீடுகள் மாற ஆரம்பிச்சுது. செங்கல்ல கல்லுல புகைபோக்கி கட்டினாங்க. புகைக்குத் தனி வழி கிடைச்ச உடனே, கூடத்துக்கு மேல இருந்த வெறுமை சும்மாக் கிடக்கு. அதுக்குக் குறுக்க ஒரு தளம் போட்டா மாடி கிடைச்சுடும். படுக்கை அறை கிடைச்சுடும். 1577-ல இங்கிலாந்தைப் பத்தி எழுதின வில்லியம் ஹாரிசன், புகைபோக்கிகள் பெருகினதைத் தங்களோட காலத்துல நடந்த பெரிய மாற்றங்கள்ல ஒண்ணா ஊர்ப் பெரியவங்க சொன்னதாப் பதிவு பண்ணியிருக்காரு. ஷாட்டரி வீட்டுலயும் இதேதான் நடந்துச்சு. ஆன் வாழ்ந்த காலம் இந்த மாற்றத்துக்கு நடுவுலதான் வருது.

கவனிங்க, இது சின்ன மாற்றம் இல்ல. வீட்டுக்குள்ள வாழுற விதமே மாறிப்போச்சு. ஆனா அதுக்காகச் சட்டத்தை இடிக்கல. இருந்த எலும்புக்குள்ளயே புதுசைச் சொருகினாங்க. பழைய வீடு இப்படி மாறியிருக்கான்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் என்ன பண்ணுவாங்க தெரியுமா? பரண்ல ஏறி, உச்சியில இருக்கிற மரத்தைத் தடவிப் பார்ப்பாங்க. கரி படிஞ்சிருந்தா, ஒரு காலத்துல கீழ அடுப்பு திறந்து எரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அடியில இருக்கிற முதல் கமிட்

இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கோதுமை வைக்கோல்ல வேய்ஞ்ச கூரை பொதுவா 15-ல இருந்து 25 வருஷம் தாங்கும். நீர் நாணல்ல வேய்ஞ்சா 40 வருஷத்தைத் தாண்டும். எதா இருந்தாலும் உச்சி முகடு மட்டும் 10, 15 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். வைக்கோல் கூரை தேஞ்சா என்ன பண்ணுவாங்க? பழசைப் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசு வேய்வாங்கன்னு நான் நினைச்சேன். அப்படி இல்ல. மேல அழுகினதை மட்டும் சீவி எடுத்துட்டு, நல்லா இருக்கிற அடிப்பகுதி மேலயே புதுசை வேய்வாங்க. ஹேசல் குச்சியைப் பிளந்து, நடுவுல முறுக்கி, ஹேர்பின் மாதிரி வளைச்சுப் பழைய வைக்கோல்லயே குத்தி இறக்குவாங்க. அதாவது, புதுக் கூரை மரச்சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கல. பழைய கூரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

இதோட விளைவு என்னன்னா, தென் இங்கிலாந்துல, முக்கியமா டெவன் பகுதியில, சில வீடுகள்ல அடி அடுக்கு கட்டின நாள்ல இருந்து மாறவே இல்ல. திறந்த அடுப்பு இருந்த காலத்துப் புகை படிஞ்சு, கறுப்பா, காய்ஞ்சு, அப்படியே இருக்கு. ஜான் லெட்ஸ்னு ஒரு தாவரத் தொல்லியல் ஆய்வாளர் இதைத் தேடித் தேடி ஆராய்ஞ்சு 1999-ல ஒரு புத்தகமா வெளியிட்டாரு. அந்தக் கறுப்பு வைக்கோல்ல கதிரோட சேர்ந்த கோதுமை இருக்கு, கம்பு மாதிரி உயரமா வளர்ற ரை தானியம் இருக்கு, அந்த வயல்ல கூடவே முளைச்ச களைகளோட விதைகூட இருக்கு. ஒரே வயல்ல பல ரகம் கலந்து விதைச்சிருக்காங்கன்னு அதை வெச்சுத்தான் நேரடியாத் தெரிய வந்துச்சு. பொதுவா மண்ணுல கிடைக்கிற பழைய தானியம் எரிஞ்சு கரியான மணியாத்தான் கிடைக்கும். வேர்ல இருந்து கதிர் வரைக்கும் முழுச் செடியாக் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். அது யாரும் அலட்சியமா எடுத்துப்போடாத ஒரு கூரையோட அடியில இருந்துச்சு.

அவசரத்துல யாராவது ஒரே ஒரு தடவை 'க்ளீனப்' பண்ணியிருந்தா அவ்வளவும் குப்பைக்குப் போயிருக்கும். பல வீடுகள்ல போயும் இருக்கு.

பேட்ச் போடுறதுலயும் தப்பு இருக்கு

"அப்போ பழசைத் தொடவே கூடாதா?"ன்னு கேட்டா, இல்ல. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

முதலாவது சிமெண்ட். 20-ம் நூற்றாண்டுல இந்த மாதிரி வீடுகள் நிறையவற்றை நல்ல எண்ணத்தோடதான் சிமெண்ட் பூசி ரிப்பேர் பண்ணாங்க. உறுதியான பொருள்தானே? ஆனா மண்ணும் சுண்ணாம்பும் மூச்சு விடும். உள்ள போன ஈரம் அது வழியாவே வெளிய வந்துடும். சிமெண்ட் அந்த வழியை அடைச்சுடுது. ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு ஓக் சட்டத்தை அழுக வெக்குது. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள எலும்பு உளுத்துக்கிட்டு இருக்கும். ரிப்பேருக்கு வலுவான பொருள் போதாது, ஒத்துப்போற பொருள் வேணும். இன்னைக்கு மறுபடி சுண்ணாம்புக்கே திரும்பியிருக்காங்க.

ரெண்டாவது, மேல மேல அடுக்கிட்டே போறது. ஒவ்வொரு தடவையும் கூரை கொஞ்சம் தடிக்கும், முகடு உயரும். புகைபோக்கி உயரம் அப்படியேதான் இருக்கும். நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வைக்கோலுக்கு மேல புகைபோக்கி கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். பொறி விழுந்தா நேரா வைக்கோல்லதான். யாரும் தப்பு பண்ணல, ஒவ்வொரு பேட்சும் சரியானது, ஆனா சேர்ந்து ஆபத்து. அப்போ அடுக்கைக் குறைக்கணும், இல்ல புகைபோக்கியை உயர்த்தணும்.

நெருப்பு இந்த வீடுகளோட நிரந்தர பயம். இறுக்கமா வேய்ஞ்ச கூரை மூடின புத்தகம் மாதிரி, சட்டுனு பத்திக்காது. ஆனா பத்திக்கிட்டா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம், தண்ணியைத்தான் அது உள்ள விடாதே! லண்டன்ல 1212-ல நடந்த பெரிய தீக்கு அப்புறம் புதுசா வைக்கோல் கூரை போடக் கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க. நகர எல்லைக்கு வெளிய இருந்த ஷேக்ஸ்பியரோட குளோப் நாடக அரங்கம், 1613 ஜூன் 29 அன்னிக்கு நாடகத்துல வெடிச்ச பீரங்கிப் பொறி வைக்கோல் கூரையில விழுந்து எரிஞ்சு போச்சு. அவர் மனைவி வளர்ந்த வீடும் தப்பல. 1969-ல தீப்பிடிச்சு மோசமாச் சேதமாச்சு. மறுபடி சரி பண்ணாங்க.

கோதுமை குட்டையான கதை

கடைசியா ஒரு விஷயம். இந்த வீட்டை இன்னைக்குப் பராமரிக்கிறதுல கஷ்டம் பணம் மட்டும் இல்ல, வைக்கோலே கஷ்டம். கூரைக்கு நீளமான, உடையாத தாள் வேணும். இன்னைக்கு வயல்ல இருக்கிறது குட்டை ரகம். எம்.எஸ். சுவாமிநாதன், நார்மன் போர்லாக் பேரெல்லாம் பசுமைப் புரட்சின்னு படிச்சிருப்போமே, அதே குட்டைக் கோதுமைக் கதைதான். தாள் குட்டையானா கதிர் பாரத்துல சாயாது, விளைச்சல் கூடும். கோடிக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட மாற்றம், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கூரைக்கு அது உதவாது. அதுக்கு மேல அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிடுது.

அதனால கூரைக்காகவே சில விவசாயிகள் 1960-கள்ல வந்த மாரிஸ் விட்ஜன் மாதிரி உயர ரகங்களை இன்னமும் விதைக்கிறாங்க. பழைய காலத்துக் கட்டு கட்டுற இயந்திரத்தை வெச்சு அறுத்து எடுக்கிறாங்க. கூரை நிக்கணும்னா வேய்றவர் மட்டும் போதாது, அவருக்குப் பின்னாடி ஒரு வயல், ஒரு விதை, ஒரு பழைய மெஷின், அதை ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆள் எல்லாம் வேணும். ஓப்பன் சோர்ஸ்ல யாரோ ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து பார்த்துக்கிற லைப்ரரியை நம்பி உலகமே ஓடுதுன்னு சொல்வோம்ல, அதேதான்.

அன்னிக்கு சாயங்காலம் அந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு பெஞ்ச்ல உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எரிச்சலோட நான் தூக்கின அந்த ரெண்டு செகண்ட் ஞாபகம் வந்துச்சு. அதை எழுதினவருக்கு காரணம் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. அவர் காரணத்தை எழுதி வெக்கல, அது அவர் தப்பு. நான் தேடல, அது என் தப்பு.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் அந்தப் பழைய கோடை முழுசா மாத்தி எழுதலாம்னு நான் போட்டு வெச்சிருந்த பிளானை மூடினேன். அதுக்குப் பதிலா அந்த வரிக்கு மேல அது ஏன் அங்க இருக்குன்னு மூணு வரி கமெண்ட் எழுதினேன். அடுத்த வாரம் அந்த வெளி சிஸ்டத்துக்கிட்ட "முடிஞ்சுதா?"ன்னு கேட்கிற வழி ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சு, ரெண்டு செகண்டை எடுத்துட்டேன். ஆமா, கடைசியில எடுத்துட்டேன்தான். ஆனா இந்தத் தடவை அது எதுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சு எடுத்தேன்.

உங்க வேலையில, வீட்டுல, "இது எதுக்குடா இங்க இருக்கு?"ன்னு எரிச்சலாகி எடுத்துப் போட்டு மாட்டிக்கிட்ட கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கிறேன். அதுவரைக்கும் டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கோங்க. பை மக்களே.